இருட்டுக்குள் ஓடும் ரயில்

கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் உள்ள டிஸ்னிலேண்டில், பூங்காவைச் சுற்றி வரும் நீராவி ரயிலின் பாதைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனால் டூன்டவுன் வருகிறது. மிக்கி மவுஸும் அவன் கூட்டாளிகளும் குடியிருக்கும் ஊர் என்பது கதை. சுவர்கள் வயிறு புடைத்து நிற்கின்றன, ஜன்னல் சட்டங்கள் வளைகின்றன, நேர்கோடு என்று ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1993 ஜனவரியில் திறந்த இந்தப் பகுதியை 2022 மார்ச்சில் மூடிப் புதுப்பித்து, 2023 மார்ச் 19 அன்று மறுபடி திறந்தார்கள். இந்த முறை புல்வெளிக்கும் மரநிழலுக்கும் நிறைய இடம். கைக்குழந்தையைத் தரையில் விட்டுவிட்டுப் பெற்றோர் பக்கத்திலேயே காலை நீட்டி உட்காரலாம். கூச்சலும் வெளிச்சமும் தாங்காத பிள்ளைகள் சற்று ஒதுங்கி இளைப்பாறவும் வழி செய்திருக்கிறார்கள்.

ஊர் திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே, ஜனவரி 27 அன்று, ஒரு பழைய சினிமா தியேட்டர் போன்ற முகப்புக்குப் பின்னால் 'மிக்கி அண்ட் மின்னீஸ் ரன்அவே ரயில்வே' ஓடத் தொடங்கிவிட்டது. ஃப்ளோரிடாவில் இதே சவாரி 2020 மார்ச்சில் வந்தது. மிக்கி திரைக்கு வந்தது 1928இல். அவனையே நாயகனாக வைத்து டிஸ்னி பூங்காவில் ஒரு சவாரி வர அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இந்த மாதிரிச் சவாரிகளுக்கு ஆங்கிலத்தில் 'டார்க் ரைட்' என்று பெயர். இருட்டான கட்டடத்துக்குள் வண்டி நம்மைக் காட்சி காட்சியாக அழைத்துப் போகும். மிக்கி பிறந்த அதே 1928இல் நியூ ஜெர்சியில் லியோன் காசிடி என்பவர், ஒற்றைத் தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓடும் சின்ன வண்டியை இருட்டறைக்குள் வளைத்து வளைத்து ஓடவிட்டார். முறுக்குப் பிழிந்த மாதிரி இருக்கிறது என்று ஏறியவர்கள் சொன்னதால் அதற்குப் 'பிரெட்ஸல்' என்றே பெயர் விழுந்தது. சந்தைத் திடல்களிலும் கடற்கரைப் பூங்காக்களிலும் பேய் வீடுகளாகப் பெருகிய அந்த வண்டிகளின் வம்சம்தான் இன்றைய சவாரிகள் எல்லாம்.

இந்தச் சவாரிகளைப் பற்றிப் பேசும்போது பொறியாளர்களின் பெயர்கள்தான் அடிபடும். ஆனால் டூன்டவுனின் இருட்டுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள, ஒரு தீம் பார்க்குக்காகவும் வேலை செய்யாத ஓர் இயற்பியலாளரைத்தான் நான் துணைக்கு அழைப்பேன். ராபர்ட் வில்லியம்ஸ் உட், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர், ஒளியியலில் பெரும் புள்ளி. இருட்டோடு அவருக்கு மூன்று முறை தொடர்பு வாய்த்தது. அந்த மூன்றும் இந்த ஊரில் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

அதற்கு முன் வரிசையில் நிற்க வேண்டும். மணிக்கணக்கில் நின்று அலுத்தவர்களுக்கு வரிசை வெறும் தண்டனை. கண்ணுக்கோ அது அவசியமான வேலை. தெற்குக் கலிஃபோர்னியாவின் நேரடி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். வீட்டு விளக்கின் ஒளி சில நூறு லக்ஸ்தான். வெயிலிலிருந்து நேரே இருட்டுக்குள் தள்ளினால் ஒன்றும் தெரியாது. கண்பாவை சில நொடிகளில் விரிந்துவிடும், ஆனால் அதனால் கிடைக்கும் ஆதாயம் கொஞ்சம்தான். உண்மையான மாற்றம் விழித்திரையின் வேதியியலில் நடக்கிறது. நிறம் காணும் கூம்பு செல்கள் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் வரை ஆகும். மங்கலான ஒளியில் வேலை செய்யும் கோல் செல்களுக்கு அரை மணி நேரமாவது வேண்டும், ஏனென்றால் வெளிச்சத்தில் வெளுத்துப்போன ரோடாப்சின் என்ற நிறமியை அவை மறுபடி சேர்த்தாக வேண்டும்.

சவாரியோ சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கண் பழகுவதற்கான நேரத்தை வரிசைதான் கொடுத்தாக வேண்டும். எல் காபிடூன் என்ற அந்தத் தியேட்டருக்குள் நுழைந்ததும் வெளிச்சம் ஒரு படி இறங்குகிறது. பழைய படங்களின் பொருட்கள் வைத்த கண்காட்சியில் இன்னொரு படி. கார்ட்டூன் போட்டுக் காட்டும் சின்னத் திரையரங்கில் இன்னும் ஒரு படி. அங்கே மிக்கியும் மின்னியும் பிக்னிக் கிளம்பும் படம் ஓடுகிறது. அது நடுவில் வெடித்துச் சிதற, திரையில் ஒரு பெரிய ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் நாம் உள்ளே போக வேண்டும், படத்துக்குள்ளேயே. பளிச்சென்ற ஒளிக்குப் பின் சட்டென்று இருட்டு வந்தால் கண் சில கணங்கள் ஏமாந்து நிற்கும் என்பது மேடை வித்தைக்காரர்களுக்குத் தொன்றுதொட்டுத் தெரிந்த சங்கதி. அந்தச் சில கணங்கள் போதும், அறை வேறாகிவிடும்.

ரயிலில் ஏறுவதற்கு முன் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் வருவது நல்லது. 1994 ஜனவரியிலிருந்து அங்கே 'ரோஜர் ராபிட்ஸ் கார் டூன் ஸ்பின்' ஓடுகிறது. மஞ்சள் டாக்ஸியில் இரண்டு பேர், கையில் ஒரு ஸ்டியரிங். அதைத் திருப்பினால் வண்டி தன்னைத்தானே சுற்றும். ஏறக்குறைய முப்பது ஆண்டு இடைவெளியில் திறந்த இரண்டு இருட்டுச் சவாரிகளை ஒரே ஊரில் அடுத்தடுத்துப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் அமையாது.

டாக்ஸி உள்ளே நுழைந்ததும் எல்லா நிறமும் கத்துகிறது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எல்லாம் தானாகவே எரிகிற மாதிரி இருக்கும். சுவரும் கூரையும் இருக்கும் இடமே தெரியாது. இது புற ஊதா ஒளியின் வேலை. சாதாரண விளக்கு போட்டால் பொம்மையோடு சேர்ந்து, அதைத் தாங்கும் கம்பியும் தண்டவாளமும் தூசியும் தெரிந்துவிடும். புற ஊதாக் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சில சாயங்கள் அதை உறிஞ்சி, கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழந்துவிட்டு, மீதியை நீண்ட அலைநீளத்தில், அதாவது கண்ணுக்குத் தெரியும் நிறமாக, வெளியே விடுகின்றன. இதுதான் உடனொளிர்வு. கேம்பிரிட்ஜ் அறிவியலாளர் ஸ்டோக்ஸ் 1852இல் இதை விளக்கினார். எதன் மேல் அந்தச் சாயம் பூசியிருக்கிறதோ அது மட்டும் எரியும், மற்றதெல்லாம் இல்லாதது போல மறைந்துவிடும். 1955இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது ஓடிய பீட்டர் பான் சவாரியிலிருந்து இன்றுவரை ஓவியர்கள் இந்தப் பண்பை நம்பித்தான் தூரிகை பிடிக்கிறார்கள்.

நிறம் இத்தனை அழுத்தமாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யும் கோல் செல்களுக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய கறுப்பு. அந்தி சாயும்போது செம்பருத்தி கறுத்து, இலைகள் மட்டும் துலங்குவதை யாரும் பார்த்திருக்கலாம். ஆகவே இருட்டறையைச் சும்மா மங்கலாக வைத்தால் காட்சி சாம்பல் பூத்துவிடும். உடனொளிரும் சாயமோ தான் இருக்கும் இடத்தில் மட்டும் கூம்பு செல்கள் விழித்துக்கொள்ளும் அளவுக்கு ஒளியைத் தருகிறது. முழு இருட்டும் முழு நிறமும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன.

இங்கேதான் உட் முதல் முறை வருகிறார். பாதரச விளக்கிலிருந்து 365 நானோமீட்டர் அலைநீளத்தில் வலுவான புற ஊதாக் கதிர் வரும். கூடவே கண்ணைப் பறிக்கும் வெளிச்சமும் வரும். வெளிச்சத்தை நிறுத்தி, புற ஊதாவை மட்டும் விடும் கருமையான கண்ணாடியை 1903இல் அவர் உருவாக்கினார். நிக்கல் ஆக்ஸைடு கலந்த அந்தக் கண்ணாடிக்கு இன்றும் அவர் பெயர்தான். தோல் மருத்துவர்கள் படர்தாமரையையும் வெண்புள்ளியையும் சோதிக்க இருட்டில் பிடிக்கும் நீல விளக்கை 'உட்ஸ் லாம்ப்' என்றுதான் சொல்கிறார்கள். எல்.இ.டி. வந்தபின் கண்ணாடி தேவைப்படாத இடங்கள் கூடிவிட்டன, தத்துவம் அதேதான்.

டாக்ஸியில் உட்கார்ந்தபடி பக்கத்தில் இருப்பவரின் சட்டையைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் நீலம் கலந்த வெண்மையில் தகதகவென்று எரியும். சலவைத் தூளில் கலந்திருக்கும் வெளுப்பூட்டிகள் புற ஊதாவை உறிஞ்சி நீல ஒளியைத் தருபவை. நம் வீடுகளில் வேட்டிக்குப் போடும் பழைய நீலப் பொடி வேறு வகை. அது துணியின் மஞ்சளை மறைக்கும் சாதாரண நிறமி, தானாக ஒளி எதையும் தராது. அதை மட்டும் போட்டு அலசிய வேட்டி இந்த டாக்ஸியில் ஏறினால் மங்கலாகத்தான் இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு அங்கேயே காட்டிவிடலாம். வகுப்பில் படித்தால் மறந்துபோகும், பக்கத்தில் அப்பாவின் சட்டை எரிவதைப் பார்த்தால் மறக்காது.

இப்போது ரயில். மிக்கியின் கூட்டாளி கூஃபி ஓட்டும் இன்ஜின் முன்னே, நாம் உட்காரும் திறந்த பெட்டிகள் பின்னே. இங்கே காட்சிகளில் பெரும்பங்கு புரொஜெக்டர் ஒளியால் தீட்டப்பட்டது. தட்டையான திரையில் விழுவதில்லை அது; மேடு பள்ளமாக வார்த்துச் செய்த மலை, மரம், கட்டடம் ஆகியவற்றின் மேலேயே ஓடும் படமாக விழுகிறது. கதாபாத்திரங்களின் கண்ணும் வாயும்கூட ஒளிதான். அதனால்தான் ஒரு பொம்மையின் முகம், கையால் வரைந்த கார்ட்டூனைப் போலவே சுருங்கி விரிகிறது. முப்பரிமாணக் கண்ணாடி எதுவும் தரமாட்டார்கள். 1999இல் ஃப்ளோரிடாவின் யுனிவர்சல் பூங்காவில் வந்த ஸ்பைடர்மேன் சவாரிக்கு அந்தக் கண்ணாடி வேண்டியிருந்தது. இங்கே வேண்டாம் என்று முடிவெடுத்தது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். மூக்கே சரியாக உருவாகாத மூன்று வயதுப் பிள்ளையின் முகத்தில் பெரியவர்களின் கண்ணாடி நிற்பதில்லை.

கண்ணாடி இல்லாமல் ஆழம் எப்படி வருகிறது? இரண்டு கண்களுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இடைவெளி. இரண்டும் காணும் படங்களின் சிறு வேறுபாட்டிலிருந்து மூளை தூரத்தைக் கணிக்கிறது. ஆனால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பொருட்கள் அதே இடைவெளியோடு இரண்டு மடங்கு தூரம் போனால் அந்த வேறுபாடு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிவிடும். தள்ளியிருக்கும் காட்சிகளில் மூளை வேறு சான்றுகளையே நம்ப வேண்டியிருக்கிறது: எது எதை மறைக்கிறது, நிழல் எங்கே விழுகிறது, நாம் நகரும்போது எது வேகமாகப் பின்னால் போகிறது. கடைசிச் சான்றுதான் சவாரிக்கு உயிர். வண்டி நகர்ந்துகொண்டே இருப்பதால், தட்டைப் படம் தன் தட்டைத்தனத்தை உடனே காட்டிக்கொடுத்துவிடும். கிட்டத்தில் இருக்க வேண்டிய மரமும் தொலைவில் இருக்க வேண்டிய மலையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நகரும். அதனால் அருகில் இருப்பதை உண்மையாகவே செய்து வைத்து, தூரத்தை மட்டும் ஒளியிடம் விட்டிருக்கிறார்கள். எது செய்தது, எது ஒளி என்று பிரிக்கும் எல்லைக்கோட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இந்தச் சவாரியின் ஆகச் சிறந்த கைவண்ணம் அந்தக் கோடு மறைந்த இடம்தான்.

கடைசிப் பகுதியில் ஒரு தொழிற்சாலை வருகிறது. பெட்டிகள் நசுங்கப் போகும் தறுவாயில் மிக்கி விசையை இழுக்கிறான். நம் கண் எதிரிலேயே தொழிற்சாலை கரைந்து பூங்காவாகிறது. வண்டி வேறு அறைக்குப் போகவில்லை, ஒளி மாறியிருக்கிறது.

புரொஜெக்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. அதனால் வெள்ளையைப் போட முடியும், சிவப்பைப் போட முடியும், கறுப்பைப் போட முடியாது. கறுப்பு என்பது அது ஒளி போடாமல் விட்ட இடம். அந்த இடத்தில் வேறு எங்கிருந்தாவது ஒளி விழுந்தால் கறுப்பு சாம்பலாகும், மலை மறுபடி பிளாஸ்டிக் வார்ப்பாகும். ஒரு பெட்டியில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்தால் போதும், பின்னால் இருக்கும் எல்லோருக்கும் அந்த மலை செத்துவிடுகிறது. தயவு செய்து போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். இந்த இருட்டைக் கட்டத்தான் இத்தனை செலவும் உழைப்பும் ஆகியிருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு அது முதல் தடவையாகவும் இருக்கலாம்.

புறப்பட்ட சற்று நேரத்தில் ஒரு திருப்பம். இன்ஜின் ஒரு பக்கம் போக, பெட்டிகள் ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கம் பிரிந்து ஓடுகின்றன. ஏறியவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் கூவுகிறார்கள். தரையில் தண்டவாளமே கிடையாது. இன்ஜினும் பெட்டியும் என்று பார்த்தவுடன் தண்டவாளத்தை நம் மனமே போட்டுக்கொண்டது.

இது உட் வாழ்வின் இரண்டாவது இருட்டு. 1903இல் பிரான்ஸின் நான்சி நகரில் பிளாண்ட்லோ என்ற மதிப்புக்குரிய இயற்பியலாளர் 'என் கதிர்கள்' என்று புதிய கதிர்களைக் கண்டதாக அறிவித்தார். அவை படும்போது இருட்டறையில் ஒரு மங்கலான ஒளி சற்றே கூடுவது தெரியும் என்றார். பலரும் அதைக் கண்டதாக எழுதினார்கள். 1904இல் உட் அங்கே நேரில் போனார். சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே இருட்டில் கையை நீட்டி, கருவியின் முக்கிய உறுப்பான அலுமினியப் பட்டகத்தை ஓசைப்படாமல் எடுத்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பின்னும் கதிர்களைப் பார்த்தபடியே அளவு சொன்னார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. சான்று மெலிந்த இடத்தில் மூளை எதிர்பார்ப்பைக் கொண்டு நிரப்புகிறது, அப்படி நிரப்பியதைக் கண்ணால் கண்டதாகவே நம்புகிறது. 'நேச்சர்' இதழில் உட் இதை எழுதியபின் என் கதிர்களின் கதை முடிந்தது. ஆய்வகத்தில் பெரும் பிழையாக முடிந்த அதே இயல்பு, டூன்டவுனில் தண்டவாளம் போட்டுத் தருகிறது.

தண்டவாளம் இல்லாத வண்டி தன் இடத்தை எப்படி அறிகிறது? சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணித் தூரத்தைக் கணிப்பது எளிய வழி. ஆனால் ஏறியவர்களின் எடையால் டயர் கொஞ்சம் அழுந்தும், ஒரு சுற்றில் கடக்கும் தூரம் கொஞ்சம் குறையும். நூற்றில் ஒரு பங்கு பிழை என்றாலும் 300 மீட்டர் ஓடுவதற்குள் 3 மீட்டர் தவறிவிடும். அதற்குள் வண்டி சுவரில் போய் முட்டியிருக்கும். அதனால் வழியில் ஆங்காங்கே குறிகள் வேண்டும். ஒவ்வொரு குறியைக் கடக்கும்போதும் வண்டி தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். 1980களில் தரைக்குள் புதைத்த கம்பியை மோப்பம் பிடித்துப் போகும் வண்டிகள் இருந்தன. 2000இல் டோக்கியோ டிஸ்னிலேண்டில் வந்த 'பூஸ் ஹன்னி ஹன்ட்' சவாரியில்தான், கம்பியின் பிடியிலிருந்து விடுபட்டு வண்டிகள் ஒன்றையொன்று சுற்றி ஓடத் தொடங்கின. எல்லா வண்டிகளின் இருப்பிடமும் கணினிக்கு ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும், இரண்டு வண்டிகள் நெருங்கினால் கணினி அவற்றை நிற்க வைக்கும்.

இந்தச் சுதந்திரத்தை ரன்அவே ரயில்வே எதற்குப் பயன்படுத்துகிறது என்பதை டெய்ஸி டக்கின் நடன வகுப்பில் பார்க்கலாம். நான்கு பெட்டிகளும் வட்டமாக நின்று, டெய்ஸி சொல்லச் சொல்ல, முதலில் வால்ட்ஸ் ஆடுகின்றன. முன்னே, பின்னே, மெல்ல ஒரு சுற்று. அடுத்து தாளம் மாறி, ஒன்றன்பின் ஒன்றாகக் காங்கா வரிசை. டன் கணக்கில் எடையுள்ள இயந்திரங்கள் தாளத்துக்கு இடுப்பை ஆட்டுவதை எதிர்ப் பெட்டியில் பார்க்கும்போது, நம் பெட்டியும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு வந்து சிரிப்பு தாங்காது. அச்சமூட்டாமல் குடும்பம் முழுவதையும் ஒன்றாகச் சிரிக்க வைக்கும் தொழில்நுட்பத்துக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தோன்றவில்லை. இந்தச் சவாரிக்கு உயரக் கட்டுப்பாடு கிடையாது. பாட்டியும் பேரனும் ஒரே பெட்டியில் ஆடலாம்.

சூறாவளிக் காட்சி வேறு மாதிரி. சுற்றிலும் எல்லாம் சுழல்கிறது, நாம் தூக்கி எறியப்படுவது போலிருக்கிறது. உண்மையில் பெட்டி மெதுவாகத்தான் திரும்புகிறது. பாலத்தின் மேல் நின்று கீழே ஓடும் வெள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பாலம் நகர்வது போலத் தோன்றும் அல்லவா, அதே உணர்வு. உட்செவியின் அரைவட்டக் குழாய்கள் சுழற்சி தொடங்குவதையும் நிற்பதையும்தான் நன்றாகச் சொல்லும். ஒரே வேகத்தில் தொடர்ந்தால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அதன்பின் நாம் நகர்கிறோமா என்று கேட்டால் மூளை கண்ணைத்தான் நம்ப வேண்டும். பார்வைப் புலம் முழுவதும் ஒரே திசையில் ஓடினால், 'ஓடுவது உலகமாக இராது, நானாகத்தான் இருக்கும்' என்று அது தீர்ப்புச் சொல்லிவிடும். இருட்டு இங்கே உதவிக்கு வருகிறது. அசையாமல் நிற்கும் தூணோ கதவோ கண்ணில் பட்டால் தீர்ப்பு மாறிவிடும், அதனால் இருட்டு அவற்றை விழுங்கிவிடுகிறது.

உட்டின் மூன்றாவது இருட்டு இதுதான், காலத்தால் முதலாவது. 1894இல் சான்ஃபிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் 'பேய் ஊஞ்சல்' என்று ஒன்று இருந்தது. ஓர் அறைக்குள் பெரிய ஊஞ்சல். அதில் உட்கார்ந்ததும் அது வீச்சு கூடிக்கூடி ஆடி, கடைசியில் தலைகீழாக முழு வட்டம் சுற்றிவிடும். அசல் சங்கதி வேறு. ஊஞ்சல் சும்மா லேசாக அசைந்துகொண்டிருக்க, மேசை நாற்காலிகளைத் தரையோடு ஆணியடித்து வைத்த அறைதான் அதைச் சுற்றிச் சுழலும். உட் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். அடுத்த ஆண்டு 'சைக்காலஜிக்கல் ரிவ்யூ' இதழில் இதைப் பற்றிச் சின்னக் குறிப்பு எழுதினார். தந்திரம் முழுவதும் தனக்குத் தெரிந்தே இருந்தும், ஊஞ்சல் பாய்வது போலத் தோன்றிய ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குள் ஏதோ நழுவுவதைத் தடுக்க முடியவில்லை என்பது அதில் அவர் பதிவு செய்த அனுபவம். இருட்டறையில் பிறருடைய மயக்கத்தைப் பிடித்துக்காட்டிய மனிதருக்கே இந்த மயக்கத்திலிருந்து தப்ப வழியில்லை.

தெரிந்தாலும் ஏன் தப்ப முடியவில்லை என்பதற்கு இன்று விடை சொல்லலாம். கண்ணிலிருந்து வரும் அசைவுச் செய்தியும் உட்செவியிலிருந்து வரும் செய்தியும் மூளைத்தண்டிலேயே கலந்துவிடுகின்றன. அங்குள்ள நரம்பு செல்கள், உடல் சுழலும்போது எப்படித் துடிக்குமோ, உலகம் சுழலும்போதும் அப்படித்தான் துடிக்கின்றன. 'அறைதான் சுற்றுகிறது' என்று அறிவு சொல்வதற்குள் வயிறு செய்தியைக் கேட்டுவிட்டது. சூறாவளியில் பெட்டி வேகமாகச் சுழல வேண்டிய தேவையே இல்லாமல் போவதும், அதனால் கைக்குழந்தையும் அதே புயலுக்குள் போய் வர முடிவதும் இந்த நரம்புகளின் புண்ணியம்தான்.

இதைச் சோதிப்பது சுலபம். இரண்டாவது முறை ஏறும்போது வேறு பெட்டியில் உட்காருங்கள். நடன வகுப்பு வேறு கோணத்தில் கிடைக்கும். சூறாவளி வந்ததும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கண்ணின் சாட்சி நின்று உட்செவி மட்டும் மிஞ்சும்போது புயல் போய்விடும், மெல்லத் திரும்பும் வண்டி மட்டும் இருக்கும். மறுபடி திறந்தால் புயல் மறுபடி பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு குழந்தை பயந்தால் அதற்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். இமை அதன் கையில் இருக்கும் விசை. எப்போது புயலை நிறுத்துவது, எப்போது மறுபடி ஓடவிடுவது என்று அது தானே தீர்மானித்துக்கொள்ளட்டும்.